குறூப் அண்ணையின் இரத்தப் பிரிவு

கனடாவின் மொன்றியல் நகரத்தில் நான் இருந்த காலத்தில் அங்கிருந்த தமிழர்களில் பாதிப் பேருடைய பெயர் குறூப் அண்ணைக்குத் தெரியாது. ஆனால் எல்லாருடைய இரத்தப் பிரிவும் தெரியும். உறைபனியில் பஸ் தரிப்பில் மூக்கு விறைத்து நிற்பவனிடம் போய், "தம்பி, நீர் என்ன குறூப்?" என்று கேட்பார். யாருக்கோ அவசரமாக இரத்தம் தேவை என்று நினைத்துக் கையுறையைக் கழற்றியவர்களும் உண்டு.

ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தகப்பனை ஓரமாக அழைத்துப் போய், "பொம்பிளை ஏ, உங்கடை பெடியன் ஓ. வீட்டிலை ரெண்டு சட்டி வைக்கவேண்டி வரும், யோசிச்சுச் செய்யுங்கோ" என்றார். அப்போது தாலி கட்டி அரை மணித்தியாலம் ஆகியிருந்தது.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. செயின்ட்-மிஷேலில் ஒரு மூன்றாம் மாடி அப்பாட்மென்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். நான் ஒரு தையல் தொழிற்சாலையில் கொலர் தைத்துக்கொண்டிருந்தேன். செல்வன் பாண் பேக்கரியில் வேலை. குறூப் அண்ணை ஜான்-டலோன் சந்தையில் ஒரு இத்தாலியக் கிழவரின் மரக்கறிக் கடையில் பெட்டி இறக்குவார். மனைவி றெஜினா யாழ்ப்பாணத்தில். எட்டு வருடமாக அவரைக் கூப்பிடுவதற்கான ஸ்பொன்சர் கடதாசிகள் அங்கும் இங்கும் பறந்துகொண்டிருந்தன.

இந்த நேரத்தில்தான் டொக்டர் அண்ணைக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்றார். இரண்டு வகைக் குளிசை எழுதிக் கொடுத்தார். அண்ணை இடிந்து போனார். வருத்தம் அவருக்குப் பெரிதில்லை, அது மனைவிக்குத் தெரியவருவதுதான் பெரிது.

"அவள் எட்டு வருசம் காத்திருந்து வந்து இறங்கேக்கை, நான் குளிசைப் போத்தலோடை போய் எயார்போட்டிலை நிக்கிறதோ? அவள் வரமுன்னம் இதை இறக்கிப் போடவேணும். நீங்கள் ஒருத்தரும் அவளுக்கு வாய் திறக்கப்படாது" என்று எங்கள் இருவரிடமும் சத்தியம் வாங்கினார்.

அடுத்த கிழமை தமிழ்க்கடை மேசையில் ஒரு போட்டோக்கொப்பி கிடந்தது. இரத்தப் பிரிவுப்படி சாப்பிட்டால் எந்த வருத்தமும் அண்டாது என்று யாரோ தமிழில் நான்கு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். கொப்பியின் கொப்பியின் கொப்பி. எழுத்துகள் பாதி அழிந்திருந்தன. மீதியை அண்ணை நம்பிக்கையால் நிரப்பிக்கொண்டார்.

அவரிடம் இரத்தப் பிரிவு குறித்த ஓர் அட்டை இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு முறை ஆஸ்பத்திரியில் இரத்தம் தேவை என்று கேட்க, புருஷனும் மனைவியுமாகப் போய்க் கொடுத்தார்களாம். அப்போது ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். வெளிக்கிடும் அவசரத்தில் மேசையிலிருந்ததை எடுத்து, காற்சட்டை மடிப்புக்குள் வைத்துத் தைத்து, நாலு நாடு கடந்து கொண்டுவந்திருந்தார். வழியில் காற்சட்டை எத்தனையோ தடவை தோய்க்கப்பட்டதில் பேனையால் எழுதிய பெயர் கரைந்துவிட்டது. சிவப்பு முத்திரை மட்டும் அழியவில்லை. அதில் 'ஏ' என்று இருந்தது.

ஏ என்றால் இறைச்சி இல்லை, நண்டு இல்லை, உருளைக்கிழங்கு இல்லை. கீரை, பருப்பு, சோயாக்கட்டி, அமைதியான நடை. கடலோரத்தில் பிறந்து நண்டுக்கறியில் வளர்ந்த மனிதர் ஒரே நாளில் கீரைக்கு மாறினார். சந்தைக்கு மெத்ரோவில் போவதை விட்டு நடந்து போகத் தொடங்கினார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்களையும் பிடித்து இரத்தம் சோதிக்க வைத்தார். நான் பி, செல்வன் ஓ. பிரிட்ஜில் மூன்று தட்டுக்கும் சிவப்பு மையால் எழுத்துப் போட்டார். பி என்பதால் எனக்குக் கோழியும் தக்காளியும் தடை. செல்வனுக்கு இறைச்சி தாராளம், ஆனால் கோதுமை ஆகாது. பேக்கரியிலிருந்து அவன் இலவசமாகக் கொண்டுவரும் பாணை அவனுக்கே கொடுக்க மறுத்தார்.

"அண்ணை, நான் சுட்ட பாண் அண்ணை!"

"நீர் சுடும். உம்மடை ரத்தம் தின்னச் சொல்லேல்லை."

நான் களவாகக் கோழி தின்றேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில் போர்த்துக்கீசர் கரியில் வாட்டும் கோழிக்கடை ஒன்று இருந்தது, என்னால் முடியவில்லை. மூன்றாம் நாள் அகப்பட்டேன். ஏச்சு விழப்போகிறது என்று பார்த்தால், மனிதர் கோடு போட்ட பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் குந்தினார்.

"சத்தியமாச் சொல்லும். உடம்பு என்ன சொல்லுது? வயிறு ஊதினதே? நித்திரை வந்ததே?"

"ஒண்டும் இல்லை அண்ணை. நல்லாத்தான் கிடக்கு."

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் எழுதினார்: 'பி. கோழி. மூன்று நாள். ஒரு மாற்றமும் இல்லை.' தன் கட்சிக்கு எதிரான சாட்சியையும் இப்படி ஒழுங்காகப் பதிந்த வேறொரு மனிதரை நான் பார்த்ததில்லை. அந்தக் கொப்பியைக் கண்ட பிறகுதான் அவரைக் கேலி செய்வதைக் கொஞ்சம் குறைத்தேன்.

மாதா கோயில் திருவிழாச் சாப்பாட்டில் நண்டுக்கறி வைத்தார்கள். அண்ணை கீரைக் கோப்பையோடு போய்ச் சட்டிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். "மணக்கிறதுக்குக் குறூப் இல்லைத்தானே" என்றார். கண் கலங்கியிருந்தது. மிளகாய்த்தூள் என்று சொன்னார்.

ஏழு மாதத்தில் சீனி இறங்கிவிட்டது. டொக்டர் இரண்டு குளிசையையும் நிறுத்திவிட்டார். அண்ணை வீட்டுக்கு வந்து, அந்த நான்கு பக்கத்தையும் இன்னும் நூறு கொப்பி அடித்துச் செயின்ட்-மிஷேல் முழுக்கக் கொடுத்தார். நானே ஒரு கிழமை தக்காளியைத் தொடவில்லை என்றால் பாருங்களேன்.

றெஜினா அக்காவுக்கு விசாவும் வந்தது. சந்தோஷத்தில் அண்ணை கோயில் மண்டபத்தில் நடந்த இரத்ததான முகாமுக்குப் போய் இரத்தம் கொடுத்தார். சில கிழமை கழித்துத் தபாலில் ஓர் அட்டை வந்தது. அதில் 'ஓ' என்று இருந்தது.

அண்ணை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். "பிரெஞ்சிலை ஏயை இப்பிடி எழுதுவினமோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு போன் அட்டையில் நம்பரைச் சுரண்டி யாழ்ப்பாணத்துக்கு எடுத்தார். சீனி வருத்தம், குளிசை, கீரை எல்லாவற்றையும் அப்போதுதான் மனைவியிடம் ஒப்புக்கொண்டார். அக்காவின் குரல் எங்களுக்கும் கேட்டது.

"அது என்ரை காட் அப்பா! நான்தான் ஏ. உங்கடை காட் இஞ்சை அலுமாரிக்கை பேரோடை கிடக்கு. ஊர் முழுக்கக் குறூப் கேட்ட மனிசன், என்னட்டை ஒருக்காக் கேட்டனியளே?"

கேட்டிருக்க முடியாது. கேட்டால் வருத்தத்தைச் சொல்லவேண்டி வந்திருக்கும்.

அன்று எங்கள் குசினியில் பெரிய விசாரணை நடந்தது. ஏழு மாதமாக மனைவியின் இரத்தத்துக்குச் சாப்பிட்டு இவருடைய சீனி எப்படி இறங்கியது? செல்வன் சொன்னான்: "அண்ணை, மூண்டு கோப்பை சோறு தின்ட நீங்கள் ஒரு கோப்பை தின்டியள். கொத்து ரொட்டியை விட்டிட்டுக் கீரை தின்டியள். ஒவ்வொரு நாளும் நடந்தியள். இதுக்குள்ளை ரத்தம் எங்கை வருது?"

அண்ணை எழும்பிப் போய்ப் பேனையை எடுத்தார். கொப்பியைத் திறந்து மெதுவாக எழுதினார். பிறகு எட்டிப் பார்த்தேன். 'ஓ. ஏயின் சாப்பாடு. ஏழு மாதம். சுகம். ஏன் என்று தெரியாது.'

அடுத்த ஞாயிறு செல்வன் சந்தை மீன்கடையில் நண்டு வாங்கிவந்து சமைத்தான். ஓ பிரிவுக்கு நண்டு ஆகும் என்று அந்தத் தாளே சொல்கிறது, இனி என்ன தடை? அண்ணை கதிரையை இழுத்துக்கொண்டு வந்து மணந்தார். தொடவில்லை.

"அவள் ஏ. வந்தவுடனை ஒரு வீட்டிலை ரெண்டு சட்டியோ? எட்டு வருசம் வேறை வேறை சட்டியிலை தின்டது போதும். இனி அவளின்ரை சாப்பாடுதான் எனக்கும்."

செல்வன் எழும்பி நண்டுச் சட்டியை மூடினான்.

அக்கா சித்திரையில் வந்து இறங்கினார். பிரிட்ஜைத் திறந்தார், சிவப்பு எழுத்துகளைப் பார்த்தார், ஈரத்துணியால் மூன்றையும் துடைத்தார். முதல் ஞாயிறு ஒரே ஒரு சட்டி வைத்தார். நண்டுக்கறி.

"நீ ஏயெல்லே? உனக்கு ஆகாது" என்று பதறினார் அண்ணை.

"ரத்தம் கிடக்கட்டும். நண்டு ஆறுது, வாங்கோ" என்றார் அக்கா. அண்ணைக்கு ஒரே ஒரு கோப்பை சோறுதான் அளந்து போட்டார். பக்கத்தில் ஒரு மலை கீரை. நண்டின் கால் ஒன்றை உடைத்துச் சதையை எடுத்து அவர் கோப்பையில் வைத்தார். அண்ணை நிமிரவே இல்லை. இம்முறை மிளகாய்த்தூள் என்று கூடச் சொல்லவில்லை.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் கொப்பியைத் தேடினார். அக்கா அதில் கடையில் வாங்கவேண்டிய சாமான்களை எழுதியிருந்தார்.

நான் அந்த நகரத்தை விட்டு வந்து பல வருடமாகிறது. இரத்தப் பிரிவுக்கும் வயிற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் கோழிக்கறியில் கை வைக்கும்போதெல்லாம் ஒரு கணம் நின்று, யாராவது கொப்பியோடு வந்து முன்னால் குந்தி, "தம்பி, உடம்பு என்ன சொல்லுது?" என்று கேட்க மாட்டார்களா என்று பார்க்கிறேன்.