மேஜர் சுற்றிய சுற்று

மேஜர் மறுபடியும் சுற்ற ஆரம்பித்துவிட்டது. ஹாலின் நடுவில், தன் வாலைத் தானே பிடித்துவிட்டுத்தான் மறுவேலை என்பதுபோல விடாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

மயில்சாமி சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அதைப் பார்த்தார். பழனி அடிவாரத்தில் திருநீறும் பஞ்சாமிர்தமும் விற்றுச் சம்பாதித்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில், தாய்நாட்டுக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்கார அம்மாளிடமிருந்து கொடைக்கானலில் இந்தப் பங்களாவை வாங்கினார். பங்களாவோடு மேஜர் என்கிற இந்தப் புல் டெரியர் நாயும் சேர்ந்து வந்தது. வெள்ளை உடம்பு, முட்டை மாதிரி நீள முகம், அதில் குட்டிக் குட்டிக் கண். முதன்முதலாகப் பார்த்த அவர் மனைவி வடிவு, "பன்னியை எதுக்குங்க கட்டிப் போட்டிருக்காக?" என்று கேட்டாள்.

பங்களா ஆயிற்று, நாய் ஆயிற்று, வாயில் வைத்துக்கொள்ள ஒரு பைப்பும் வாங்கியாயிற்று. பற்ற வைக்கத்தான் தெரியவில்லை. பாக்கி இருந்தது வெள்ளைக்காரர் காலத்துக் கிளப்பில் ஒரு மெம்பர்ஷிப்தான். அது கிடைக்காதவரைக்கும், சீசனுக்கு வந்து பேரிக்காய் வாங்கிக்கொண்டு இறங்கிப்போகிற கூட்டத்தில் அவரும் ஒருவர். அந்த நினைப்பே அவருக்குக் கசந்தது.

கிளப் செக்ரட்டரி, வருஷா வருஷம் எலெக்ஷனில் நின்று ஜெயிக்கிற ரிட்டயர்டு கர்னல் சேனாதிபதி. சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம் என்றாலும், வெள்ளைக்காரர்கள் காலி செய்த இடத்தைத் தான் ஒருவரே நிரப்பியாக வேண்டும் என்று நினைப்பவர். மயில்சாமியிடம் புல் டெரியர் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் அவருடைய மீசை கொஞ்சம் இளகியது.

"வெரி குட்! சண்டே டீக்கு வர்றேன். நாயை எப்படி வச்சிருக்கீங்கன்னு பாத்துட்டு மெம்பர்ஷிப்பைப் பேசுவோம்" என்று சொல்லியிருந்தார்.

"ஏங்க, கர்னல் வர்றப்பவும் இது இப்படியே சுத்திக்கிட்டு கெடந்தா?" என்றாள் வடிவு.

"சங்கிலியில கட்டிப் போடு."

கட்டிப்போட்டார்கள். மேஜர் மேஜைக்காலோடு சேர்ந்து சுற்றியது. கர்னலுக்காக வாங்கி வைத்திருந்த பீங்கான் கோப்பைகள் மொத்தமாகத் தரைக்கு வந்தன.

"பாத்ரூம்ல போட்டுப் பூட்டு!"

பூட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் கதவின் கீழ்ப்பாதியைத் தின்றுவிட்டு மேஜர் வெளியே வந்தது. எல்லோரையும் பார்த்து அன்பாக வாலாட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து சுற்றத் தொடங்கியது.

"பசியா இருக்கும்" என்றார் மயில்சாமி. அந்த வீட்டில் கறி சமைக்கிற வழக்கமில்லை. தயிர்சாதத்தை மேஜர் மோந்துகூடப் பார்க்கவில்லை. ஆகவே கடைச் சரக்கிலிருந்து ஒரு டப்பா பஞ்சாமிர்தத்தை உடைத்து வைத்தார். டப்பா பளபளக்கும்வரை நக்கிவிட்டு, அன்றைக்குச் சுற்றியது பாருங்கள் ஒரு சுற்று! வாலும் தெரியவில்லை, தலையும் தெரியவில்லை.

சமையல் வேலைக்குப் பக்கத்துக் கிராமமான பேத்துப்பாறையிலிருந்து வரும் மூக்கம்மா, அரைப்பதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஐயா, இது நோவு இல்லீங்க. அருளு."

"நாய்க்கு என்னத்த அருளு?"

"பைரவருக்கு வாகனம் எதுங்க?"

அதற்குள் வடிவு திருநீற்றுத் தட்டோடு வந்துவிட்டாள். பாதித் தமிழ்நாட்டுக்குத் திருநீறு விற்ற மனுஷன், சொந்த வீட்டில் அதை வேண்டாமென்று எப்படிச் சொல்வார்?

"காணாமப் போன என் ஆடு எங்கிட்டு கெடக்கு, சாமி?" என்று கேட்டாள் மூக்கம்மா. மேஜர் இன்னும் நாலு சுற்று சுற்றி, திருநீற்று நெடியில் தும்மி, கிழக்கே பார்த்து நின்றது. கிழக்கே இருந்த பேரித்தோட்டத்தில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

அவ்வளவுதான். மறுநாள் வெள்ளனே பேத்துப்பாறையே கேட்டில் நின்றது. மயில்சாமி கேட்டைப் பூட்டினார். ஜனங்கள் கேட்டுக்கே மாலை போட்டார்கள். உடுக்கை அடிக்கிறவர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். அந்தச் சத்தத்தில் மேஜருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"கேக்குறதை வெரசாக் கேட்டுட்டுக் கலைஞ்சு போங்கப்பா! ஒவ்வொருத்தரா வாங்க!" என்று மயில்சாமி கெஞ்சினார். வரிசை உண்டானது. வரிசையைப் பார்த்ததும் பஸ்ஸில் போன டூரிஸ்டுகளும் இறங்கி வந்து நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கர்னலின் கார் வந்து நின்றபோது, மேஜர் கழுத்தில் செவ்வந்தி மாலை, நெற்றியில் பட்டை, இடுப்பில் சிவப்புத் துணி. எதிரே ஒருவர் மகளுக்கு எந்தத் திசையில் மாப்பிள்ளை அமையும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாட் நான்சென்ஸ் இஸ் திஸ்?" கர்னலின் குரலில் உடுக்கை நின்றது. கார்க் கதவைத் திறந்து பிடித்திருந்த டிரைவர் பிச்சையா மட்டும் பயபக்தியோடு கைகூப்பினார்.

"சார், டீ..." என்று இழுத்தார் மயில்சாமி.

"டீயா? யோவ், இந்த நாய்க்கு அருளும் இல்ல, மருளும் இல்ல. போரடிக்குது! ஓடியாடணும்னே பிறந்த ஜாதிய்யா இது. காலையும் சாயந்திரமும் ஏரியைச் சுத்திக் கூட்டிட்டுப் போகணும். கறி போடணும், கடிக்க எலும்பு குடுக்கணும். மனுஷங்க காலடியிலேயே கிடக்கணும். தனியாப் பூட்டி வச்சா இப்படித்தான் கிறுக்குப் பிடிச்சுச் சுத்தும். பட்டிக்காட்டான் மாதிரி நாய்கிட்ட குறி கேக்குறீங்களே, உங்களுக்கெல்லாம் கிளப் ஒரு கேடா? நான் இருக்கிறவரைக்கும் நடக்காது!"

கார் போய்விட்டது. அத்தனை ஜனங்களுக்கு முன்னால் மயில்சாமிக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனாலும் வியாபாரி. சரக்கைத் திருத்திக் காட்டினால் வாங்க மாட்டேன் என்றவனும் வாங்குவான் என்பது அவருக்குத் தெரியும். மறுநாளே மங்கிக்கேப்பை மாட்டிக்கொண்டு ஏரிக்குக் கிளம்பினார். அவர் நாயைக் கூட்டிப்போனார் என்பதைவிட நாய் அவரை இழுத்துப்போனது என்பதே சரி. கொல்லையில் தனி அடுப்பு போட்டு மூக்கம்மா கறி வேகவைத்தாள். வடிவு மூக்கைப் பொத்திக்கொண்டு சம்மதித்தாள். பழைய கார் டயர் ஒன்று மேஜரின் பல்லுக்கு வந்து சேர்ந்தது. ராத்திரி மேஜர் அவர் காலடியிலேயே தூங்கியது.

சுற்றுவது குறைந்தது, பிறகு நின்றே போனது. மயில்சாமியின் தொந்தியும் கொஞ்சம் கரைந்தது. நாய்மேல் அவருக்கு நிஜமாகவே பாசம் வந்துவிட்டது. குறி கேட்க வந்தவர்களின் கையை மேஜர் நக்கிவிட்டுப் படுத்துக்கொண்டதால் கூட்டமும் கலைந்தது.

"சாமி மலையேறிருச்சு" என்று மூக்கம்மா பெருமூச்சு விட்டாள்.

பனி இறங்கிய ஒரு சாயந்திரம், மேஜர் கம்பளத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. கர்னலை மறுபடி டீக்கு எப்படி அழைப்பது என்று மயில்சாமி இங்கிலீஷில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்கட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால், கர்னலின் டிரைவர் பிச்சையா.

"வாங்க பிச்சையா! நானே ஐயாவைக் கூப்பிடணும்னு இருந்தேன். இங்க பாருங்க, அவரு சொன்னபடியே செஞ்சேன். இப்ப மேஜர் ஒரு சுத்துகூடச் சுத்துறதில்ல. இனி என்ன பண்ணாலும் சுத்தாது!"

பிச்சையாவின் முகம் தொங்கிப்போனது. பனிக்குள் விளக்கை அணைத்துவிட்டு நின்றிருந்த காரைத் திரும்பிப் பார்த்தார்.

"கெடுத்தீங்களேய்யா! வர்ற கிளப்பு எலெக்ஷன்ல தான் ஜெயிப்போமான்னு மேஜர் ஒரே ஒரு சுத்து சுத்திச் சொல்லிட்டா, உங்க மெம்பர்ஷிப்புக்கு இங்ஙனயே கையெழுத்துப் போடுறேன்னு கர்னல் ஐயா தேங்கா பழத்தோட கார்ல உக்காந்திருக்காருங்களே!"