தங்கையின் நீச்சல் பையும் தையற்காரன் தீர்ப்பும்

இந்த வீட்டில் யார் சொல் நிற்கும் என்பதை அன்று காலை எட்டு மணிக்கு நிலைநாட்டிவிடுவது என்று தீர்மானித்தேன். காரணம், என் தங்கையின் நீச்சல் பை. ஜிப் பல்லிளித்துவிட்டது, சரிசெய்து தா என்று தையல் எந்திரத்தின் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். உள்ளே ஓர் அட்டைப்பெட்டி. அதில் விரல் நீளத்துக்குப் பஞ்சுக் குழல்கள். ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு நூல். பெட்டியின் மேல் மாதவிலக்குக்கான டாம்பான் என்று எழுதி, எங்கே வைப்பது என்று படமும் போட்டிருந்தது. படத்தைப் பார்த்தேன். எந்திரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தங்கைக்கு இருபத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. பத்தரை மணிக்குப் பல்கலைக்கழக நீச்சல் இறுதிப்போட்டி. நானோ இருபது வருடமாகத் துணியோடு வாழ்பவன். கிழிந்தது கிழிந்ததுதான், எப்படி இழையோட்டினாலும் தழும்பு தெரியும். இதை என்னைவிட அறிந்தவர் யார்?

பெட்டியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். என் மனைவி பிரசவ வார்டில் நர்ஸ். அன்று அவளுக்கு விடுமுறை. எனக்குக் கெட்ட நேரம்.

“இன்னிக்கு அவ போட்டிக்குப் போகல.”

“ஏன்?”

“பையில இது இருந்துச்சு. வச்சா கிழிஞ்சிடும்.”

“எது கிழிஞ்சிடும்?”

“அதான்... அது.”

“அதுக்குப் பேரு இருக்குல்ல?”

“காலங்காத்தால என்னைச் சொல்ல வைக்காதம்மா.”

“பேரே வாயில வரல, அதுக்கு நீங்க காவல்காரரா?”

“கன்னித்திரை,” என்றேன், சுவரிடம்.

“திரைன்னு பேரு வச்சவன் ஒரு தடவைகூடப் பாத்திருக்க மாட்டான். ஜன்னல் திரை மாதிரி முழுசா மூடியிருக்குன்னு நினைப்பா?”

“பின்னே?”

“அப்போ மாசாமாசம் ரத்தம் எந்த வழியா வருது?”

அடுப்பில் பால் பொங்கியது. நான் அடங்கிவிட்டேன். பிறந்ததிலிருந்து பெண்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் இந்தக் கேள்வி ஒருமுறையும் என் மண்டைக்குள் எட்டிப் பார்த்ததில்லை.

அவள் என் தோளைப் பிடித்து எந்திரத்தின் முன் உட்காரவைத்தாள். “நான் சொல்லச் சொல்ல அந்த இடத்தைத் துணியில தைங்க. முடிச்சதும் பஞ்சை உள்ள விட்டுப் பாருங்க. கிழிஞ்சா அவ போகவேண்டாம்.”

நியாயமான பந்தயம். தையலில் என்னைத் தோற்கடிக்க ஒருத்தி இனிமேல்தான் பிறக்க வேண்டும். ஒப்புக்கொண்டேன்.

“பனியன் துணியில ஒரு குழாய். உள்சுவர் முழுக்கக் குறுக்கால மடிப்பு.”

“எத்தனை மடிப்பு?”

“உங்க கை எவ்வளவு வைக்குமோ அவ்வளவு. குழந்தையே வெளிய வர்ற வழிங்க அது.”

ஊசி பாதியில் நின்றது. விரலகலக் குழாயைப் பார்த்தேன். அதன் வழியே ஒரு தலை, இரண்டு தோள். தேவை வரும்போது விரிந்து, வேலை முடிந்ததும் சுருங்கும் மடிப்பை எந்தக் கடையில் கற்றுத் தருகிறார்கள்? எழுந்து கை கழுவிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன்.

“மேல்முனையை மூடுங்க. அது கருப்பை வாய். குண்டூசித் தலை அளவு ஓட்டை போதும்.”

“பஞ்சு தொலைஞ்சு வயித்துக்குள்ள போயிடாதா?”

“நீங்க விட்ட ஓட்டைதானே? நீங்களே நுழைச்சுக் காட்டுங்க.”

முயன்றேன். முடியவில்லை.

“இப்போ கீழ் வாசல். விளிம்பைச் சுத்தி மெல்லிசா ஒரு ஃப்ரில். நடுவுல திறப்பு. அவ்வளவுதான் உங்க திரை. சில பேருக்கு அது இருக்கறதே தெரியாது. சில பேருக்கு இறுக்கமா இருக்கும். வலிச்சா நிறுத்திட்டு டாக்டரைப் பாக்கணும். எப்பவாவது லேசாக் கிழிஞ்சாலும் பல பேருக்குத் தெரியக்கூடத் தெரியாது. அதைப் பாத்து ஒருத்தியோட கதையைப் படிக்க முடியாது. தினமும் பாக்கற எனக்கே முடியாது.”

“மூத்திரம் போற வழியும் இதுதானே?”

“அது தனி ஓட்டை. இந்த வாசலுக்கு மேல தைங்க.”

“தனியாவா!”

“பதினோரு வருஷக் கல்யாணம்,” என்றாள் அவள், கூரையிடம்.

தைத்து முடித்தேன். அத்தனை பணிவோடு ஒரு துணியை நான் ஏந்தியதில்லை. பஞ்சை நுழைத்தேன். ஃப்ரில் ஒதுங்கி வழிவிட்டது. மடிப்புகள் பஞ்சை அணைத்துக்கொண்டன. நூலை இழுத்தேன், வந்தது. ஓர் இழைகூட அறுந்துபோகவில்லை. பத்துமுறை செய்தேன். என் கண் கலங்கிவிட்டது.

“யாரும்மா இதுக்கு அளவெடுத்தது?”

“யாரும் எடுக்கல. தானா வளர்ந்தது. எட்டு மணி நேரத்துக்குள்ள மாத்தணும், கை சுத்தமா இருக்கணும். சட்டம் அவ்வளவுதான்.”

நெஞ்சு நிமிர்த்தி எழுந்தேன். தோற்றாலும் தலைவன் தலைவனே. குளியலறைக் கதவைத் தட்டி முழங்கினேன்: “தங்கச்சி! அண்ணன் அனுமதி குடுத்தாச்சு. போய் ஜெயிச்சுட்டு வா!”

கதவு தானே திறந்தது. உள்ளே யாருமில்லை. தரை காய்ந்திருந்தது. மணி பதினொன்றரை.

“நீங்க முதல் மடிப்பு வைக்கும்போதே அனுப்பிட்டேன். முதல் இடமாம், இப்பத்தான் செய்தி வந்துச்சு.”

“அட்டைப்பெட்டி என்கிட்டல்ல இருக்கு?”

“அவ அலமாரியில இன்னும் ஆறு இருக்கு.”

“அப்போ என் அனுமதி?”

“சொல்லிடறேங்க, சந்தோஷப்படுவா. மூணு வருஷமா அந்த அனுமதி இல்லாமத்தானே இதை வச்சு நீந்துறா.”