சூயஸ் கால்வாயும் செவ்வந்தியின் நாற்றங்காலும்

வெளிநாட்டு விவகார நிபுணர் என்று ஓர் இனம் இருக்கிறது, வாசகரே. ரோமாபுரியிலும் இருக்கிறது, குத்தாலத்திலும் இருக்கிறது. தீனிதான் வேறு, குணம் ஒன்றே. ஆயிரம் மைலுக்கு அப்பால் நடப்பதெல்லாம் அதற்குத் துல்லியமாகத் தெரியும். காலடியில் கிடப்பது தெரியாது. கண்ணாடியை மாற்றிப் பார்த்தும் பலனில்லை.

இந்த இனத்தின் வாழ்க்கைப் போக்கு எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான். இளமையில் போர்க்களம், நடுவயதில் உச்சி மாநாடு, தலை நரைத்ததும் குழந்தைகளுக்குக் கதை. ஏன் குழந்தைகள்? பெரியவர்கள் என்றால் 'நீங்கள் சொன்னபடி ஒன்றும் நடக்கவில்லையே' என்று பத்திரிகைக்குக் கடிதம் போடுகிறார்கள். குழந்தைகள் அப்படியெல்லாம் செய்வதில்லை. இரண்டாம் பக்கத்திலேயே தூங்கிவிடுகிறார்கள்.

இத்தாலிக்காரர் எர்மான்னோ இதில் ஒரு படியையும் விடாமல் ஏறி வந்தவர். மூன்று போர்களை ஓட்டல் மாடியிலிருந்து பார்த்து எழுதினார். மாநாடுகளில் எழுதியதைவிட அதிகமாகச் சாப்பிட்டார். கடைசியில் குழந்தைக் கதைக்கு ஒரு வெள்ளைக் கழுதையைப் பிடித்துக்கொண்டார். சண்டை போடும் இரண்டு நாடுகளுக்கு நடுவில் அந்தக் கழுதை போய் நின்றால் போதும், சமாதானம் வந்துவிடும். பதினான்கு புத்தகம் வந்தாயிற்று. பதினைந்தாவது புத்தகத்துக்குக் கழுதைக்குக் கொஞ்சம் தண்ணீர்ப் பிரச்சினை தேவைப்பட்டது. ஆகவே காவிரிக் கடைமடைக்கு வந்து சேர்ந்தார்.

அவருக்கு மொழிபெயர்ப்பாளராக வாய்த்தவர் எங்கள் அறிவுச்செல்வன். இவர் எங்கள் வாய்க்காலின் பாசனதாரர் சங்கச் செயலாளர்; ஆனால் அது உபதொழில். முதல் தொழில் உள்ளூர் வார இதழில் உலக அரசியல் எழுதுவது. காலையில் டீக்கடைக்கு வந்து, பேப்பரை உதறி, ஒரு பெருமூச்சு விட்டு, 'இத நான் போன வருஷமே எழுதிட்டேன்' என்று ஆரம்பித்து, மாஸ்கோவைக் கண்டித்து, வாஷிங்டனை எச்சரித்து, பீஜிங்குக்கு ஒரு கடைசி வாய்ப்புக் கொடுத்துவிட்டு, டீ ஆறிவிட்டதென்று கடைக்காரர் சித்தீக்கிடம் கோபித்துக்கொள்வார். ஒரு கப்பல் குறுக்கே நின்று சூயஸ் கால்வாய் ஆறு நாள் அடைபட்டுக் கிடந்ததே, அதைப் பற்றி ஒன்பது வாரம் எழுதினார். கால்வாய் திறந்துவிட்டது, அவரை நிறுத்த முடியவில்லை. குழந்தை இலக்கியமும் உண்டு. அவருடைய கிளி ஐ.நா. சபையை விளக்கும்.

இரண்டு நிபுணர்களும் எங்கள் வாய்க்கால் மதகடியில் சந்தித்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அப்போதுதான் செவ்வந்தி வந்தாள். கூலிக்கு நடவு நட்ட குடும்பத்தில் முதல்முதலாகச் சொந்த நிலம் வாங்கியவள்; ஒரு ஏக்கர். சம்பா நாற்றங்கால் விட்டிருந்தாள். முறை வைத்துத் தண்ணீர் விடுகிற காலம். அவள் வயல் இருக்கும் பக்கத்துக்கான முறை அன்றோடு முடிகிறது. தண்ணீர் மதகு வரைக்கும் வந்து, அங்கே மண்டிக் கிடந்த ஆகாயத்தாமரையைத் தாண்ட முடியாமல் நின்றுகொண்டிருந்தது. பதினோரு நாளாகச் செயலாளரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆள் கூப்பிட வேண்டியது செயலாளர். அவர் சொல்லாமல் சங்கத்து ஆட்கள் ஒருவரும் இறங்கமாட்டார்கள்.

"சார், விடிஞ்சா மதகு பாத்துக்கிற லஸ்கர் வந்து ஷட்டர இறக்கிருவாரு. நாத்தங்கா பாளம் பாளமா வெடிச்சுப் போச்சு. நாலு பேர வரச் சொன்னீங்கன்னா போதும்."

அறிவுச்செல்வன் இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். நதிநீர்ப் பங்கீட்டில் வல்லரசுகளின் மௌனம் குறித்து இந்தப் பெண்மணி கவலை தெரிவிக்கிறார் என்று. எர்மான்னோ வேகமாகக் குறித்துக்கொண்டார். கண்கூடக் கலங்கியது. சூயஸ் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்டார். செயலாளரும் பொறுமையாகச் சூயஸை அவளுக்கு விளக்கினார்.

செவ்வந்தி முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"அங்கயும் அடச்சிக்கிச்சா? எத்தன நாள்ல எடுத்தாங்க?"

"ஆறே நாள்ல."

"அப்ப அவங்கள்ல யாராச்சும் இருந்தா இங்க கொஞ்சம் வரச் சொல்லுங்க சார்."

சர்வதேச ஒத்துழைப்புக்கு அழைப்பு விடுக்கிறார் என்று அதுவும் மொழிபெயர்ப்பாயிற்று. பிறகு இருவரும் மதகுக் கட்டையில் உட்கார்ந்து செங்கடலுக்குப் போய்விட்டார்கள். செவ்வந்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நாத்தனார் மலர்க்கொடியைக் கூப்பிட்டு, அரிவாளோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். இரண்டு பேர் இழுக்கிற காரியமா அது? பொழுது சாயும்போது ஒரு கை அகலத்துக்கு வழி கிடைத்தது. பாதி நாற்றங்கால் நனைந்தது. விடிந்ததும் ஷட்டர் இறங்கியது. மீதிப் பாதி காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்தது.

ஆறு மாதத்தில் இத்தாலியிலிருந்து புத்தகம் வந்தது. வழவழப்பான தாள். வெள்ளைக் கழுதை வாய்க்காலில் இறங்கி ஆகாயத்தாமரையை எல்லாம் தின்று தீர்க்கிறது; கண்ணாடி போட்ட நல்ல மனிதர் ஒருவர் வழிகாட்டுகிறார்; எல்லா வயலிலும் தண்ணீர் பாய்கிறது. செவ்வந்தி அதில் வரவில்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு நிஜப் புகைப்படம்: இரண்டு நிபுணர்களும் மதகுக் கட்டையில். ஓரத்தில் ஒரு அரிவாளின் நுனி தெரிகிறது. அந்த ஆண்டு செவ்வந்தி அரை ஏக்கர்தான் நட்டாள்.

அந்தப் படத்தை எடுத்தது யார் என்று நீங்கள் கேட்கவில்லை. நல்லது. வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு கரையில் நின்றேன். எனக்கும் இரண்டு கை உண்டு.

உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். போகட்டும், ஒன்று கேட்கிறேன். சூயஸ் எத்தனை நாள் அடைபட்டுக் கிடந்தது? ஆறு நாள். சட்டென்று சொல்லிவிட்டீர்கள். செவ்வந்தி எத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்?

மேலே போய்த் தேடுகிறீர்கள், இல்லையா?