கப்டனின் போசாக்கும் நிர்வாகச் செலவும்

மனிதகுலத்தின் மாபெரும் சீர்திருத்தங்கள் யாவும் ஏதோவொரு குசினியில்தான் தொடங்கியிருக்கின்றன என்பது எனது ஆய்வு. இந்த ஆய்வை வேறு யாரும் செய்யவில்லை. ஆகவே மறுத்துரைப்பாரும் இல்லை. அந்த வரிசையில் ஆகப் பிந்தியது, திருகோணமலை உட்துறைமுகப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் குசினியில், கப்டன் என்னும் பூனையின் நலன் கருதி என்னால் நிகழ்த்தப்பட்டது. இதை மிகுந்த அடக்கத்தோடு சொல்கிறேன். அடக்கம் இல்லாதிருந்தால் இது ஒரு புத்தகமாக வந்திருக்கும்.

நான் பேணாட். இருபது வருடம் தொண்டு நிறுவனங்களில் 'திட்ட உத்தியோகத்தராக' இருந்து ஓய்வு பெற்றவன். தோப்பூரிலிருந்து இலங்கைத்துறை வரை நான் 'விழிப்புணர்வு' ஊட்டாத ஊர் கிடையாது. ஆடு கேட்டவர்களுக்குத் தையல் மெசினும், தையல் மெசின் கேட்டவர்களுக்கு ஆடும் கொடுத்து, இரண்டு தரப்பையும் படம் பிடித்து மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறேன். படங்களில் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கச் சொன்னது நான்தான்.

கப்டன் இறங்குதுறையில் பிறந்து, ஒரு மாரிமழையில் என் மனைவி மாகிரட்டின் குடைக்குள் ஒதுங்கி, குடையோடு வீட்டுக்கு வந்தவர். வந்தவர் திரும்பிப் போகவில்லை. சாப்பாட்டு விடயத்தில் அவருக்குக் கொள்கைகள் இருந்தன. கீரிமீன் பொரியலைத் தவிர வேறொன்றையும் அவர் உணவென்று ஒப்புக்கொள்வதில்லை. அதுவும் சுடச்சுட. ஆறிப்போனால் முகர்ந்தும் பார்க்கமாட்டார். பாரை மீன் வைத்தால் அவமானப்பட்டவர்போல் எழுந்து போவார். தட்டை மாற்றினால் அன்று முழுக்க உண்ணாவிரதம். மாகிரட் பக்கத்தில் குந்தியிருந்து "என்ர ராசா, ஒரு வாய்" என்று கெஞ்சவேண்டும். அதன்பிறகு, எங்களுக்கு ஏதோ உபகாரம் செய்பவர்போல் சாப்பிடுவார்.

இந்த நிலையில், ஒரே கிழமையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மருத்துவத் தீர்ப்புகள் வந்து சேர்ந்தன.

முதலாவது என்னைப் பற்றியது. வலது கண்ணில் வெண்படலம் படர்ந்து, துறைமுகத்தில் நிற்பது கப்பலா, எதிர்க்கரை மலையா என்று தெரியாத நிலை. ஒருநாள் சந்தையடியில் ஓட்டோ ஒன்றுக்கு முன்னால் நேராக நடந்து போனேன். ஓட்டோக்காரர் என் பரம்பரையையே விசாரித்தார். கண் டொக்டர், வெட்டித்தான் எடுக்கவேண்டும் என்றார். ஆனால் இரத்தத்தில் சீனி இவ்வளவு கூடிக் கிடந்தால் கத்தி வைக்க ஏலாது, குறைத்துக்கொண்டு வாருங்கள், திகதி தருகிறேன் என்றார். மாகிரட் பயந்துபோனா. அன்றிலிருந்து றோட்டைக் கடக்கும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டா. கலியாணம் செய்த காலத்திலும் றோட்டில் வைத்து அப்படிப் பிடித்ததில்லை.

இரண்டாவது கப்டனைப் பற்றியது. ஊசி போடக் கொண்டுபோன இடத்தில் மிருக வைத்தியர் பஹ்மியா அவரை இரண்டு கையாலும் தூக்க முயன்று, பிறகு யோசித்து, தூக்காமலே பரிசோதித்தா. நிறை மிதமிஞ்சிவிட்டது, பொரியலைக் குறைத்து அவித்த மீனும் கொஞ்சம் பூசணிக்காயும் அளவாகக் கொடுங்கள் என்றா.

ஆக, இரண்டு வைத்தியர்களும் சொன்னது ஒன்றையே: பொரியலை விடு, அளவாகத் தின். ஒரே வீட்டில் இரண்டு திட்டங்களை ஒருமிக்கத் தொடங்கினால் வளங்கள் சிதறும் என்பது முகாமைத்துவத்தின் அரிச்சுவடி. எதை 'முன்னோடித் திட்டம்' ஆக்குவது? முன்னோடித் திட்டத்துக்குப் பயனாளியைத் தெரிவுசெய்வதில் ஒரேயொரு விதிதான் உண்டு: அவர் திருப்பிக் கதைக்கக் கூடாது. கப்டன் ஏகமனதாகத் தெரிவுசெய்யப்பட்டார். அந்நேரம் அவர் அலுமாரிக்கு மேல் நித்திரை.

அங்குரார்ப்பணக் கூட்டம் குசினியில் நடைபெற்றது. மாகிரட் எனக்காகப் பாவற்காய் வெட்டிக்கொண்டிருந்தா. 'நிலைபேறான பூனைப் போசாக்கு' என்ற தலைப்பில் நான் நீண்ட உரை நிகழ்த்தினேன். முடிவில் சபையோரிடம் கேள்வி உண்டா என்றேன்.

"அது சாப்பிடுமோ?" என்றா மாகிரட்.

பயனாளி சாப்பிடுவாரா என்று ஒரு திட்டத்தின் தொடக்கத்திலேயே கேட்பது நடைமுறையில் இல்லாத விடயம் என்பதை நயமாக எடுத்துக் கூறினேன். அவ பாவற்காயைத் தொடர்ந்து வெட்டினா.

முதல் நாள் அவித்த பாரையும் மசித்த பூசணிக்காயும் பரிமாறப்பட்டன. கப்டன் முகர்ந்தார். என்னைப் பார்த்தார். பிறகு முன்னங்காலால் தட்டைச் சுற்றி நிலத்தைப் பிறாண்டினார். பின்வளவு மணலில் காலைக்கடன் முடித்தபின் அவர் மூடுகின்ற அதே முறை. 'பயனாளி உணவை எதிர்காலத்துக்காகச் சேமிக்க முற்படுகிறார்' என்று நான் விளங்கிக்கொண்டேன். அனுபவம் இல்லாதவர்கள் வேறு மாதிரி விளங்கியிருப்பார்கள்.

பட்டினி கிடந்தே செத்துப்போகும் என்று மாகிரட் தவித்து, பஹ்மியாவுக்குப் போன் எடுத்தா. ஒரேயடியாக நிறுத்தவேண்டாம், அவித்ததோடு பழைய பொரியலையும் கலந்து கொடுத்து, அது பழகப் பழகப் பொரியலைக் குறையுங்கள் என்று அங்கிருந்து பதில் வந்தது. மாகிரட் பங்குக் கோயிலின் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவ. விடிய வெளிக்கிட்டால் மத்தியானம்தான் திரும்புவா. ஆகவே காலையில் கீரிமீனைப் பொரித்து மூடி வைத்துவிட்டுப் போவா. 'விநியோகம்' என் பொறுப்பில் விடப்பட்டது.

விநியோகம் என்றால் என்னவென்று அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். எந்த உதவியும் பயனாளியிடம் நேரே போய்ச் சேர்வதில்லை. நடுவில் ஒருவர் நின்று கொடுக்கவேண்டும். நிற்பவருக்குக் கால் உளையும், களைக்கும், பசிக்கும். இதற்கு உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட பெயர் 'நிர்வாகச் செலவு'. முதல் நாள் நான் எடுத்த நிர்வாகச் செலவு ஒரு வால். மொறுமொறுவென்ற ஒரு சின்ன வால். அதற்கு மறுநாள் ஒரு முழு மீன். சில நாட்களில் பொரியல் முழுவதும் நிர்வாகத்துக்கே தேவைப்பட்டது. திட்டம் வளர்ந்துகொண்டிருந்தது அல்லவா.

பொரியலைத் தனியே தின்பது எனக்கு ஒத்துவராது. பேக்கரிப் பாண்காரரின் ஓட்டோ காலையில் இசை வாசித்துக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்குள் வரும். ஒரு றாத்தல் பாண், கொஞ்சம் சீனிச்சம்பல், மேலதிகமாக இரண்டு பணிஸ். இவை 'துணைச் செலவுகள்'.

கப்டன் வாசலில் இருந்து நான் சாப்பிடுவதைப் பார்ப்பார். சில வேளை வந்து முழங்காலில் ஒரு கையை வைப்பார். எனக்கு நெஞ்சு சுட்டது உண்மை. சுட்டதை ஆற்ற இன்னொரு துண்டு பாண் எடுத்தேன். பசி தாங்காமல் அவர் அவித்த பாரையைத் தின்னத் தொடங்கினார். பூசணிக்காயை நக்கினார். 'நடத்தை மாற்றம்' என்று நான் பெருமைப்பட்டேன்.

ஆனால் பொரியல் இனி வேண்டாம் என்று சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை. பின்னேரங்களில் மாகிரட் விசாரிக்கும்போது, பொரியல் கலக்காவிட்டால் தொடுகிறார் இல்லை, பயனாளி இன்னும் தயாரில்லை, 'திட்டக் காலத்தை நீடிக்க' வேண்டும் என்பேன். அவ நம்பினா. மறுநாளும் பொரித்தா. கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் றுவைஸ் ஒருநாள் தராசைப் பிடித்துக்கொண்டு, "பூனைக்குத்தான் மீன் எடுக்கிறீங்க, உங்கட முகமெல்லோ மினுங்குது சேர்" என்றான். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

இரவில் நானும் மாகிரட்டும் குரக்கன் பிட்டும் பாவற்காய்க் கறியும் சாப்பிட்டோம். அவவுக்குச் சீனி வருத்தம் இல்லை. நீர் விரும்பினதைச் சாப்பிடுமன் என்று பெருந்தன்மையோடு சொன்னேன். நீங்கள் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கும்போது எனக்கு எப்படி இறங்கும் என்று கேட்டுவிட்டு, தன் சட்டைகளை ஒடுக்கித் தைத்துக்கொண்டிருந்தா. அவ மெலிந்திருந்தா. ஆரோக்கிய வாழ்வின் பலன் எங்கள் வீட்டில் ஒருவர் தவிர எல்லாரிலும் தெரிந்தது.

மாகிரட் ஒருநாள் லீவு எடுத்தா. காலையில் எனக்குக் கண் கிளினிக், பின்னேரம் கப்டனுக்குப் பஹ்மியாவிடம். கிளினிக்கில் வரிசை நீளம் என்று தெரிந்ததால், அன்றைய நிர்வாகச் செலவில் ஒரு மீனைக் கடதாசியில் சுற்றிச் சேட்டுப் பொக்கற்றில் வைத்துக்கொண்டேன்.

சீனி ஏறியிருந்தது. நிறையும் ஏறியிருந்தது. டொக்டர் பரிசோதனைத் துண்டைத் திருப்பித் தந்து, இப்போது திகதி தர ஏலாது, மூன்று மாதம் போகட்டும் என்றார். மாகிரட் எழும்பவில்லை. பக்கத்தில் நின்ற நேர்ஸிடம் கெஞ்சத் தொடங்கினா.

"மிஸ், மெசின் பிழையாக்கும். இவர் ஒரு பொரியல் தொடேல்ல. நானும் கூட இருந்து அதே பாவற்காயைத்தானே சாப்பிடுறனான்."

நேர்ஸ் என் வயிற்றைப் பார்த்தா. பிறகு மாகிரட்டின் மெலிந்த கையைப் பார்த்தா. நான் சுவரில் ஒட்டியிருந்த டெங்கு ஒழிப்பு அறிவித்தலை இரண்டு கண்ணாலும், அதாவது ஒரு கண்ணால், மிகக் கவனமாக வாசித்தேன்.

வெளியே வந்து மாகிரட் அழுதா. குரக்கன் மா கலப்படமாக்கும் என்றும், இனி தானே வாங்கித் திரிக்கப் போவதாகவும், ஒன்பது செவ்வாய் கோயிலுக்கு நடந்து போகப் போவதாகவும் சொன்னா. அந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எனக்கு வாய்வரை வந்தது. ஆனால் இடைநடுவில் தகவல் வெளியிடுவது திட்டத்தைப் பாதிக்கும். வீட்டுக்குப் போய், கூடையையும் கப்டனையும் எடுத்துக்கொண்டு பஹ்மியாவிடம் போனோம்.

பஹ்மியா இம்முறை கப்டனை ஒரு கையால் தூக்கினா. தராசில் வைத்துவிட்டு என்னைப் பார்த்து, நல்லாய்க் குறைத்திருக்கிறீர்கள் என்றா. நான் நெஞ்சை நிமிர்த்தினேன். பிறகு அவ முதுகைத் தடவி, இடுப்பெலும்பில் விரலை நிறுத்தி, முகத்தைச் சுருக்கினா. இவ்வளவு கெதியாய்க் குறையக் கூடாது, என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டா. மாகிரட் ஒவ்வொன்றாய்ச் சொன்னா: அவித்த பாரை, பூசணிக்காய், விடியப் பொரித்து வைக்கிற கீரிமீன்.

"அவ்வளவையும் திண்டா இப்பிடி எலும்பு தெரியாது அன்ரி," என்றா பஹ்மியா. "உங்கட வீட்டுக்கு வேற பூனை ஏதும் வந்து போகுதா?"

நான் வாய் திறக்குமுன் கப்டன் மேசையில் நடந்து என் பக்கம் வந்தார். மூக்கைச் சேட்டுப் பொக்கற்றுக்குள் விட்டார். கடதாசியைக் கவ்வி இழுத்தார். மீன் மேசையில் விழுந்தது. காலையில் பொரித்து, கிளினிக் முழுக்க என்னோடு சுற்றி, நசுங்கி, ஆறிச் சில்லிட்டுப் போன மீன். அதைக் கப்டன் தலையோடு, முள்ளோடு, கண்ணை மூடிக்கொண்டு தின்றார். யாரும் கெஞ்சவில்லை.

பஹ்மியா கை கழுவப் போனா. அவ கை அழுக்காக இருக்கவில்லை.

வீடு திரும்ப ஓட்டோவில் ஏறினோம். கப்டன் மாகிரட்டின் மடியில். கடலோரமாகத் திரும்பும்போது அவ வெளியே பார்த்தபடி கதைத்தா. சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"உங்கட கண்ணுக்காக நான் மாதாவிட்ட மன்றாடினனான். நீங்கள் ஒரு வாயில்லாச் சீவன்ர வாயில இருந்து பறிச்சுத் திண்டிருக்கிறீங்கள். அதின்ர பேரைச் சொல்லி வந்த சாப்பாட்டில அது எலும்பாப் போச்சு. குடுக்க நிண்ட நீங்கள் ஊதிப்போனீங்கள். இதுக்கு என்ன பேர் சொல்றது?"

அவ பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. ஆனால் பதில் எனக்குத் தெரியும். கந்தோரில் இருந்த காலம் முழுக்க, ஊர் ஊராக, இதே விடயத்துக்கு இந்த ஒரு பெயரைத்தான் தட்டச்சுச் செய்து மேலிடத்துக்கு அனுப்பினேன்: 'திட்டம் வெற்றிகரமாக நிறைவேறியது.'