ரயிலுக்கு வந்த கம்பு

ரயில்வே மேலிடத்திலிருந்து வந்த கடிதத்தில் இருந்த கேள்வி ஒரே வரிதான். 'சென்ற இரண்டு வருடமாக உமது ஷெட்டிலிருந்து தானியம் ஒரு மூட்டைகூட ரயிலேறவில்லை. ஏன்?'

அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. மாசி முடிவதற்குள் தானியம் வராவிட்டால், தானியத்துக்கென்று ஒரு குமாஸ்தா தூத்துக்குடியில் தேவையில்லை. உள்நாட்டில் ஏதாவது ஒரு ஜங்ஷனுக்கு மாற்றப்படுவீர்.

கிருபாநிதி அந்த இரண்டாவது வரியைத்தான் நாலு தடவை படித்தார். வேலை போகாது, சம்பளம் குறையாது. ஆனால் கடல் இருக்காது.

கூட்ஸ் ஷெட்டில் அவருடைய மேஜைக்கு நேரே ஒரு ஜன்னல். வெளியே உப்புக் குவியல்கள், அதற்கப்பால் தோணிகளின் பாய்மரங்கள். காலை பதினோரு மணி வெயிலில் உப்பும் பாயும் மேகமும் ஒரே வெள்ளையாகிவிடும். எது தரையில் நிற்கிறது, எது மிதக்கிறது என்று தெரியாது. அந்த நேரத்தில் அவர் பேனாவைத் திறந்து வைத்தபடியே இருந்துவிடுவார். மை காய்ந்துவிடும். 1972 வரைக்கும் அவருடைய உத்தியோகம் இப்படியேதான் ஓடியிருந்தது.

தானியம் ஏன் வரவில்லை என்பது ஊரறிந்த விஷயம். சாத்தான்குளம் பக்கத்துக் கம்பு முழுவதையும் காயல்பட்டினத்து மஹ்மூது மரைக்காயர் கூலிக்கு எடுத்துக் கொச்சிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். மூட்டைக்கு ரயில் மூன்று ரூபாய் கேட்டது. மரைக்காயர் இரண்டே கால்தான் கேட்டார். அவர் தோணிகளைத்தான் கிருபாநிதி தினமும் ஜன்னல் வழியே ரசித்துக்கொண்டிருந்தார்.

"கடலப் பாத்துப் பாத்தே வேலையக் கெடுத்துக்கிட்டிய. ஒரு எட்டு சாத்தான்குளம் போயி ஆளுவளக் கூப்பிட்டா என்ன?" என்றாள் மனைவி ஞானபாய்.

மறுநாளே பஸ் ஏறினார். விவசாயிகளில் பெரிய கை ஏசுவடியான். களத்தில் கம்பு தூற்றிக்கொண்டிருந்தவர், விஷயத்தைக் கேட்டதும் முறத்தைக் கீழே வைத்தார்.

"அவரு ரெண்டே காலுங்காரு. நீங்க மூணுங்கிய. ரயிலு கூவுறதக் கேக்கவா நாங்க கம்பு வெதைக்கோம்?"

"தனித்தனியாப் போட்டாத்தான் அண்ணாச்சி மூணு ரூவா. எல்லாரும் சேந்து ஒரு வேகன நெறச்சியன்னா ரெண்டு ரூவாதான்."

ஏசுவடியான் யோசித்தார். "எத்தன நாள்ல போவும்? மரைக்காயரு சரக்கு பத்து நாள்ல கொச்சி போயிருது."

களத்துக்கு அந்தப் பக்கம் அறுக்காத கம்பு நின்றது. அதன்மேல் காற்று போனது. கதிர்கள் சாய்ந்து எழுந்தன, மறுபடி சாய்ந்தன. கரையில்லாத ஒரு கடல் அங்கே அசைவதுபோல் இருந்தது. கிருபாநிதி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழு" என்று யாரோ சொன்னார்கள். சொன்னது தான்தான் என்று அவருக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

"ஏழா! நெசமாத்தான் சொல்லுதியளா? மத்த ஊர்க் கம்பு எறங்குறதுக்கு முன்ன நம்ம கம்பு கொச்சியில எறங்கணும். பிந்திட்டுன்னா பாதி வெலதான். எம் மவ கல்யாணம் இந்தக் கம்ப நம்பித்தான் நிக்கி, பாத்துக்கிடுங்க."

"போயிரும் அண்ணாச்சி" என்றார் கிருபாநிதி. சொன்ன பிறகு தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

ஒரு வேகனுக்கு இருநூறு மூட்டை போதும். திங்கட்கிழமை வண்டி வண்டியாக நானூறு வந்தன. ஏழு நாளில் போகிற ரயில் என்றதும் பக்கத்து ஊர்களும் சேர்ந்துகொண்டிருந்தன. ஷெட் வாசலில் மாடுகளின் மணிச்சத்தத்தைக் கேட்டபோது கிருபாநிதிக்குக் கண் கலங்கியது. மூட்டைகளை எண்ணி வாங்கிக்கொண்டு, வேகன் வந்ததும் ரசீது அனுப்புவதாகச் சொல்லி அனுப்பினார். பிறகு சூப்பர்வைசர் தேவபிரசாதத்திடம் ஓடினார்.

"ரெண்டு வேகன் வேணும் சார்."

தேவபிரசாதம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உப்பு சீசன்ல வேகனா? இருக்கிறதெல்லாம் உப்புக்கு எழுதியாச்சுய்யா. பதினஞ்சு நாள் கழிச்சு வாரும். அதுவரைக்கும் இந்த மூட்டையெல்லாம் உப்பு வைக்கிற எடத்துல கெடக்கக் கூடாது."

மூட்டைகள் வெளிமுற்றத்துக்குப் போயின. அரை மணி நேரத்தில் துறைமுகத்துப் புறாக்கள் அத்தனையும் வந்து இறங்கின. தார்ப்பாய் போட்டு மூடினார். விடியற்காலைப் பனி பாயின் மேல் குளமாகத் தேங்கி, ஓரமாக வழிந்து, அடி மூட்டைகளை நனைக்கப் பார்த்தது. எல்லாவற்றையும் பார்சல் அறைக்கு மாற்றினார். அப்புறம் பார்சல் எடுக்க வந்தவர்கள் கம்பின் மேல் ஏறித்தான் கவுண்டருக்குப் போகவேண்டியிருந்தது.

புதன்கிழமை ஏசுவடியானிடமிருந்து கார்டு வந்தது. 'சரக்கு எதுவரை போயிருக்கிறது?'

பார்சல் அறையில் இருக்கிறது என்று எழுதத்தான் கிருபாநிதி உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளையாக இருந்தது. 'தென்காசி தாண்டிவிட்டது' என்று எழுதினார். எழுதியதும் அது அவர் கண்ணுக்கே தெரிந்தது. மலையடிவாரம், மூங்கில் காடு, குகைக்குள் நுழைந்து வெளியே வரும்போது வண்டியின் மேல் விழுகிற சாரல். அவ்வளவையும் எழுதினார். கார்டில் இடம் போதாமல் முகவரிப் பக்கத்திலும் இரண்டு வரி ஓடியது.

அதைச் சாத்தான்குளம் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். மறுநாளே அதே பஸ்ஸில் பதில் வந்துவிட்டது. 'தங்கள் கடிதத்தைச் சபையில் வைத்து வாசித்தோம். பெண்கள் அழுதுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பத்துப் பேர் நேரில் வந்து தங்களுக்கு நன்றி சொல்ல இருக்கிறோம்.'

விடிந்தால் வெள்ளிக்கிழமை. அதற்குள் நானூறு மூட்டை மறைந்தாக வேண்டும்; வருகிற திங்களுக்குள் கொச்சியில் இருந்தாக வேண்டும். கிருபாநிதி சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டு, தன் வாழ்க்கையில் போகக் கூடாத ஒரே இடத்துக்குப் போனார்.

மஹ்மூது மரைக்காயர் துறைமுகத்தில் தோணிப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைத் தொப்பி, வெள்ளை ஜிப்பா. நடந்ததையெல்லாம் கேட்டார். கேட்டு முடிந்ததும் அவர் முகம் போன போக்கைக் கிருபாநிதியால் புரிந்துகொள்ள முடியவில்லை.

"கம்பையா? தோணியிலயா?"

"ஆமா மொதலாளி. கொச்சிக்காரன் குடுக்கிற கூலிய நீங்களே எடுத்துக்கிடுங்க. ரயிலு தோத்துப்போச்சு, உங்க தோணிதான் ஜெயிச்சிட்டுன்னு வச்சுக்கிடுங்க. விவசாயிக்குச் சேதம் வரக்கூடாது."

மரைக்காயர் தோணியைப் பார்த்தார். அதன் வயிற்றை எட்டிப் பார்த்தார். "நனைஞ்சிராதே?"

"அத எங்கிட்ட கேட்டா? நீங்க பாக்காததா மொதலாளி?"

மரைக்காயருக்கு இருமல் வந்தது. வெகுநேரம் இருமினார். "அதுவும் சரிதான்" என்றார் கடைசியில். "ஏத்தச் சொல்லுங்க. காத்து இருந்தா திங்கக்கெழம கொச்சி. இன்ஷா அல்லாஹ்."

சாயங்காலத்துக்குள் பார்சல் அறை காலியாகிவிட்டது. வீட்டுக்கு வந்த கிருபாநிதி ஒரு பையில் இரண்டு வேட்டியை வைத்தார்.

"ஏளா, நானும் தோணியில போறேன்."

"எதுக்கு?"

"சரக்க ஆள் கையில ஒப்படைக்கணும்லா."

ஞானபாய் அவரைப் பார்த்தாள். தானியக் கணக்கு மறுபடியும் பூஜ்யம்தான், மாற்றல் வந்துவிடும் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. பொட்டலத்தில் கொஞ்சம் கருப்பட்டி மடித்துக் கொடுத்தாள்.

"உள்ள சுக்கும் வச்சிருக்கேன். தல சுத்துனா வாயில போடுங்க."

வெள்ளிக்கிழமை காலை, பத்துப் பேர் பஸ்ஸிலிருந்து இறங்கி ஷெட்டை நோக்கி நடந்துகொண்டிருந்த நேரத்தில், தோணி பாய் விரித்தது.

கிருபாநிதிக்குத் தலை சுற்றவில்லை. இத்தனை வருடம் ஜன்னல் சட்டத்துக்குள் பார்த்த கடல், சட்டமில்லாமல் எல்லாப் பக்கமும் விரிந்து கிடந்தது. ஊர் சின்னதாகி, உப்புக் குவியல்கள் சிதறிய சீனியாகி, பிறகு வெறும் பளபளப்பாகி மறைந்தது. முத்துக்குளிக்கிற பார் என்னும் கடலடித் திட்டின் மேல் போகும்போது தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்தது. கீழே, வெகு ஆழத்தில், தோணியின் நிழல் மணல்மேல் மெதுவாக ஊர்ந்தது. அந்த நிழலுக்குள் சிப்பிகள் வாய்மூடிக் கிடப்பதாக நினைத்துக்கொண்டார். பாயில் காற்று நிறைகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அப்படியே சாய்ந்து கிடந்தார். தோற்றுப்போனவன் இவ்வளவு சுகமாக இருக்கக் கூடாது என்று ஒரு முறை தோன்றியது. அதையும் காற்று கொண்டுபோய்விட்டது.

மாலையில் தோணியின் சமையல்காரர் அபுல் ஹஸன் ஒரு கோப்பைத் தேநீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வயதானவர், அந்தத் தோணியிலேயே பதினெட்டு வருடமாகச் சோறு பொங்குகிறவர்.

கிருபாநிதி கோப்பையை வாங்கிக்கொண்டு மனம் திறந்து சொன்னார்: "உங்க மேல எனக்குக் கோவமே இல்ல பாய். இப்படி ஒரு சவாரி கெடைச்சா கம்பு ஏன் எங்க ரயிலுக்கு வரப்போவுது? ரெண்டு வருஷத்துல எங்க ஷெட்ட ஒரு மணி தானியமில்லாம ஆக்கிட்டிய."

அபுல் ஹஸன் அவரையும், தோணி வயிற்றில் அடுக்கியிருந்த மூட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன சார் சொல்லுதிய? இந்தத் தோணியில கம்பு ஏறுறது இன்னைக்குத்தான் மொதத் தடவ. தானியத்தவிடத் தவிட்டுக்கு உங்க ரயில்ல ரேட்டு கம்மில்லா? ரெண்டு வருஷமா அத்தன கம்பையும் தவிடுன்னு எழுதி உங்க ஷெட்டுலதான் மொதலாளி ஏத்துதாரு. நீங்கதான சார், ஜன்னலப் பாத்துக்கிட்டே கையெழுத்துப் போடுவிய!"