ஒரு குடும்பத்துக்கு ஒன்று மட்டும்

உலகத்தில் ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, போலீஸ் பார்த்துக்கொள்ளும். ஏமாற்றாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றியும் கவலை இல்லை, கடவுள் பார்த்துக்கொள்வார். ஆனால் போலீசும் கடவுளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, "இவர் உங்க ஆளா, எங்க ஆளா?" என்று தலையைச் சொறிகிற மூன்றாவது இனம் ஒன்று உண்டு. அதன் பெயர், மனசாட்சியுள்ள கூப்பன்காரர்.

பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் என்ன? அவருடைய வாய் பொய் சொல்லாது. அந்த வேலையைக் கட்டைவிரலிடம் விட்டிருக்கிறார். தேதி முடிந்த கூப்பனை அவர் நீட்டும்போது அந்தத் தேதி இருக்கிற மூலையில் மிகச் சரியாக அவருடைய கட்டைவிரல் உட்கார்ந்திருக்கும். கேட்டால், "விரலை எங்கேயாவது வச்சுத்தானே சார் பிடிக்கணும்?" என்பார். 'புது வாடிக்கையாளர்களுக்கு மட்டும்' என்று போட்டிருந்தால், "தினமும் காலையில கண்ணு முழிக்கிறதே புதுப்பிறவிதானே?" என்பார். ஒருவருக்கு ஒன்று என்று வாசலில் பிஸ்கட் கொடுத்தால் ஒரு முறை கண்ணாடியோடு வாங்கிவிட்டு, தூசி துடைப்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து முடிவதற்குள் இன்னொரு முறை வரிசையில் நின்றுவிடுவார். தூசி துடைப்பது பாவமா?

இதையெல்லாம் செய்கிறவர் அயோக்கியர் என்று நினைத்தால் உங்களுக்கு மனிதர்களைத் தெரியாது. கடைக்காரப் பெண் மீதிச் சில்லறையில் ஒரு நாணயம் கூடக் கொடுத்துவிட்டாளா? பாதித் தெரு போனவர் கொட்டுகிற மழையில் திரும்பி வருவார். வரிசையில் நிற்பார். தனக்குப் பின்னால் பத்துப் பேராவது சேரும்வரை வேறு ஆட்களை முன்னால் போகவிடுவார். பிறகு தொண்டையைக் கனைத்து, "அம்மா, நாணயம்னு ஒண்ணு இருக்கு பாருங்க" என்று அந்த நாணயத்தை மேஜைமேல் டங்கென்று வைப்பார். அதன் சத்தம் மேலுலகம் வரைக்கும் கேட்க வேண்டும்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இந்த இனத்தின் தலைமகன். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிற அலுவலகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரைத் தெருவே 'தராசு' என்றுதான் சொல்லும். வாராவாரம் கூட்டுப் பிரார்த்தனையில் முதல் வரிசை. மாதம் ஒருமுறை அங்கே எழுந்து நின்று உண்மையின் மேன்மை குறித்து அரை மணி நேரம் பேசுவார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே நமக்கு நாம் செய்த தப்பெல்லாம் ஞாபகம் வரும். அவருக்கு வராது.

இப்படிப்பட்டவர் வாழ்க்கையில்தான் அந்தச் சோப்புத்தூள் வந்தது.

பெரிய கடை ஒன்றின் விளம்பரத் தாளில் வந்திருந்தது: ஐந்து கிலோ சோப்புத்தூள் பாதி விலை, சனிக்கிழமை மட்டும், ஒரு குடும்பத்துக்கு ஒன்று மட்டும். எங்கள் தெருவில் எல்லோரும் அந்தத் தாளைக் குப்பையில் போட்டோம். தராசு அதில் இரண்டைப் பொறுக்கினார், தன்னுடையதோடு மூன்று. புள்ளிக்கோட்டின் மேலேயே கத்தரித்தார். ஒரு மயிரிழை வெளியே போனாலும் அவர் மனசு உறுத்தும். மூன்று கூப்பனையும் மேஜையில் வைத்துக் கண்ணை மூடிக் கால் மணி நேரம் பிரார்த்தனை செய்தார். கடவுள் மறுப்பு எதுவும் தெரிவிக்கவில்லை.

பிறகு சமையலறைக்குப் போனார். அங்கே நடந்ததை அவர் மனைவி என் மனைவியிடம் சொன்னார், என் மனைவி என்னிடம் சொன்னாள், நான் உங்களிடம் சொல்கிறேன். அந்த அம்மா மழலையர் பள்ளியில் டீச்சர். நாற்பது குழந்தைகளை ஒரே பார்வையில் உட்கார வைப்பவர்.

"சனிக்கிழமை நாம மூணு பேரும் தனித்தனியா வரிசையில நிக்கறோம். நான், நீ, உன் தம்பி."

"ஒரு குடும்பத்துக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கே?"

"குடும்பம்னா என்னன்னு அவன் போடலையே."

"அப்ப கேட்டா உங்களை யாருன்னே தெரியாதுன்னு சொல்லணுமா? பொய் சொல்லச் சொல்றீங்களா?"

தராசு பதறிவிட்டார். "சேச்சே! பொய்யா? நம்ம வீட்டுலயா? நீ ஒண்ணும் சொல்லவே வேணாம். என்னைப் பார்க்காதே, பேசாதே. அவ்வளவுதான். பார்க்காம இருக்கறது பொய் ஆகாது."

"முப்பத்திரண்டு வருஷமா நீங்க அதைத்தானே பண்ணிட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா பாத்திரம் கழுவப் போனார். தராசு அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை நானும் அந்தக் கடைக்குப் போயிருந்தேன். ஒரு பல்பு வாங்க. சத்தியமாக ஒரே ஒரு பல்பு. முதல் வரிசையில் தராசு, கையில் சோப்புத்தூள் மூட்டை, முகத்தில் பிரார்த்தனைக் களை. அவருக்குப் பின்னால் நான். மூன்றாவது வரிசையில் அவர் மனைவி, கூரையைப் பார்த்துக்கொண்டு. ஐந்தாவது வரிசையில் மச்சினர். கனத்த சரீரம், பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர், அன்றைக்கென்று கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். ஆள் தெரியக்கூடாது என்று அவராகச் செய்த ஏற்பாடு. விளைவு, கடையில் இருந்த அத்தனை பேரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

பில் போடும் பெண் கூப்பனை வாங்கினாள், இயந்திரம் கீச்சென்றது, பாதி விலை விழுந்தது. தராசின் கண்ணில் ஆனந்தம். சட்டைப்பையில் கை விட்டார். ஆனந்தம் போய்விட்டது. கால்சட்டையின் வலது பையில் விட்டார், இடது பையில் விட்டார், பின்னால் தட்டிப் பார்த்தார். பர்ஸ் இல்லை. எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை. கிளம்பும்போது வழக்கம்போல, "இதை உன் பையில போட்டுக்கோ, பஸ்ல எவனாவது அடிச்சுடுவான்" என்று மனைவியிடம் கொடுத்திருந்தார்.

"ஐயா, காசு?" என்றாள் பெண்.

கூப்பிட்டால் குடும்பம். கூப்பிடாவிட்டால் காசு இல்லை. பொய்யோ வாயில் வராது. வேர்த்துக் கொட்டியது. முப்பது வருஷம் தராசு பார்த்த மனிதர், வார்த்தைகளை ஒவ்வொன்றாக நிறுத்துச் சொன்னார்: "அதோ, மூணாவது வரிசையில பச்சைப் பையோட நிக்கறாங்களே ஒரு அம்மா. அவங்க பையில என் பர்ஸ் இருக்கு."

ஒரு வார்த்தை பொய் உண்டா? கிடையாது.

பெண்ணின் முகம் வெளுத்தது. "உங்க பர்ஸா? அவங்க பையிலயா?"

"ஆமா."

"அவங்க எடுத்ததை நீங்க பார்த்தீங்களா?"

தராசு யோசித்தார். உண்மையைச் சொல்ல வேண்டும். "பார்த்தேன். அவங்க கையாலதான் எடுத்துப் போட்டாங்க."

பெண் மேஜைக்கு அடியில் ஒரு பொத்தானை அமுக்கினாள். மணி அடித்த அடியில் என் கையிலிருந்த பல்பு விழாதது என் முன்னோர் செய்த புண்ணியம். செக்யூரிட்டி ஓடி வந்தார், மேனேஜர் ஓடி வந்தார், பின்னால் வேடிக்கை பார்க்கப் பாதிக் கடை ஓடி வந்தது. அந்த அம்மாவைச் சுற்றி நின்றார்கள்.

"பையைத் திறங்கம்மா."

திறந்தார். பர்ஸ். "இது உங்களுதா?"

"இல்லை" என்றார் அந்த அம்மா. அதுவும் உண்மைதான்.

"அந்த ஐயாவை உங்களுக்குத் தெரியுமா?"

அந்த அம்மா தலையைத் திருப்பித் தன் கணவரைப் பார்த்தார். நாற்பது குழந்தைகளை உட்கார வைக்கிற அதே பார்வை. தராசு எங்கே பார்த்தார் தெரியுமா? சோப்புத்தூள் மூட்டையின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தார்.

"இவ்வளவு நாளும் தெரியும்னுதான் நினைச்சிட்டிருந்தேன்" என்றார் அந்த அம்மா. "இப்பத்தான் முதல் தடவையா முழுசாப் பார்க்கறேன்."

இந்த நேரம் பார்த்து ஐந்தாவது வரிசையிலிருந்து மச்சினர், "அக்கா!" என்று அலறிக்கொண்டு, மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி பாய்ந்து வந்தார். கறுப்புக் கண்ணாடி வேறு.

"சார், கும்பல் சார்!" என்று கத்தினார் செக்யூரிட்டி.

மேனேஜர் போனை எடுத்தார். "போலீசைக் கூப்பிடறேன். அம்மா, நீங்க அந்த ரூம்ல வந்து உட்காருங்க."

இப்போது தராசு வாயைத் திறந்திருக்க வேண்டும் அல்லவா? திறக்கவில்லை. ஒரு விநாடி போயிற்று. இரண்டு விநாடி போயிற்று. அவர் மனசுக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். இந்தக் கூட்டத்தில் பிரார்த்தனை மண்டபத்து ஆட்கள் யார் யார் இருக்கிறார்கள் என்று கண் தேடியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அந்த அம்மாவும் பார்த்தார். சிரிப்புக் கதைதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஆனாலும் அந்த மூன்று விநாடியில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செக்யூரிட்டி அந்த அம்மாவின் முழங்கையைத் தொட்டார். அப்போதுதான் தராசு உடைந்தார். "கையை எடுய்யா! அவ என் பொண்டாட்டி!"

செக்யூரிட்டி கையை எடுத்தார்.

மேனேஜர் லேசில் நம்புகிறவர் இல்லை. "இவ்வளவு நேரம் சொல்லலையே? அத்தாட்சி?"

"பர்ஸைத் திறந்து பாருங்க. உள்ளே அவ போட்டோ வச்சிருக்கேன். கல்யாணத்தப்போ எடுத்தது."

திறந்தார்கள். போட்டோ வைக்கிற கண்ணாடித்தாள் அறைக்குள் கூப்பன்கள். ஷாம்பு, பல் தேய்க்கிற பிரஷ், நாய்த் தீனி. அவர்கள் வீட்டில் நாய் கிடையாது. மேனேஜர் ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் பரப்பினார். பதினேழு. போட்டோ இல்லை.

"அது எங்கே?" என்றார் அந்த அம்மா.

"அது... இடம் பத்தலைன்னு... பீரோவுல பத்திரமா..."

"எந்தப் பீரோவுல? எந்தத் தட்டுல? நாயே இல்லாத வீட்டுல நாய்த் தீனிக்கு இடம் இருக்கு, எனக்கு இடம் பத்தலையா? காலையில உங்க மூட்டு வலி மாத்திரை எங்கேன்னு எனக்குத் தெரியும், உங்க கண்ணாடி எங்கேன்னு தெரியும், பல்செட்டு எங்கேன்னு தெரியும்..."

"பல்செட்டை ஏன்டி இங்கே இழுக்கறே?"

"இழுப்பேன்! மேல் வரிசை முழுக்கக் கட்டின பல்லுங்க, எல்லாரும் கேட்டுக்கங்க!"

பில் போடும் பெண் மெதுவாக மேனேஜரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "சார், போனை வச்சிருங்க. எனக்கும் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆச்சு. இது அசல்தான்."

மேனேஜர் போனை வைத்தார். சட்டையைச் சரிசெய்துகொண்டு, "சரி. ஒரு குடும்பத்துக்கு ஒண்ணுதான் கொடுக்க முடியும். நீங்க மூணு பேரும் ஒரே குடும்பம்தானே?" என்று அந்த அம்மாவிடம் கேட்டார்.

"நானும் என் தம்பியும் ஒரு குடும்பம். எங்களுக்கு ஒண்ணு போடுங்க. அவரைப் பத்தி எனக்குத் தெரியாது."

அக்காவும் தம்பியும் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தராசு தன் மூட்டைக்கு முழு விலை கொடுத்துத் தோளில் சுமந்து வெயிலில் நடந்து வந்தார். வழியில் மூட்டையில் ஓட்டை. வீடு வரைக்கும் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டே வந்தார்.

அதற்கப்புறம் ஐந்து நாள் அந்த வீட்டில் நடந்ததுதான் நிஜமான தண்டனை. அந்த அம்மா சண்டை போடவில்லை. முகம் தெரியாதவரிடம் பேசுகிற மரியாதையோடு பேசினார். "ஐயா, சாப்பாடு எடுத்து வச்சிருக்கு." "ஐயா, கொஞ்சம் தள்ளி நிக்கறீங்களா?" "ஐயா, நீங்க எந்த ஊரு?" என்றுகூட ஒரு நாள் கேட்டாராம். தராசு பீரோவின் எல்லாத் தட்டுகளையும் கலைத்தார், கட்டிலுக்கு அடியில் தவழ்ந்தார், மூன்றாம் நாள் மின்சார ரசீதுக் கட்டுக்குள்ளிருந்து போட்டோவைக் கண்டுபிடித்து நீட்டினார். "பொண்ணு யாரு, லட்சணமா இருக்காங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார் அந்த அம்மா.

அந்த வாரம் பிரார்த்தனைக் கூட்டத்தில் தராசு பேச வேண்டிய முறை. எழுந்தார். நாங்கள் அரை மணி நேரத்துக்குத் தயாராகச் சாய்ந்து உட்கார்ந்தோம். அவர் பின் வரிசைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பொய்யே சொல்லாம ஊரை எப்படி ஏமாத்தறதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். அதைத் தவிர இன்னிக்கு எனக்கு வேற எதுவும் தெரியலை. ஒரு கடையில என் பொண்டாட்டியைத் திருடின்னு நினைக்க விட்டேன். மூணு விநாடி. அவகிட்ட மன்னிப்புக் கேட்டேன், கிடைக்கலை. அதனால உங்க முன்னால கேட்கறேன்." உட்கார்ந்துவிட்டார்.

பின் வரிசையிலிருந்து அந்த அம்மா எழுந்து வந்து முதல் வரிசையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "நாலு விநாடி" என்று திருத்தினார். பிறகு, "தள்ளி உட்காருங்க, இடம் பத்தலை" என்றார். ஐயா போடவில்லை.

தராசு திருந்திவிட்டாரா? திருந்தினார். நேற்றுகூட ஒரு கூப்பனை என்னிடம் காட்டி, "தேதி முடிஞ்சு போச்சு, நான் உபயோகிக்க மாட்டேன். நீங்க வேணா வச்சுக்கங்க" என்றார். நான் வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொள்வது தப்பில்லையே?

நீங்கள் ஏன் இப்படிச் சிரிக்கிறீர்கள்? இந்த ஆளை உங்களுக்கு நன்றாகத் தெரியும், உங்கள் ஆபீசில் இருக்கிறார், உங்கள் மாமனார் அப்படித்தான், அப்படியா? நீங்கள் பொய் சொல்கிறவர் இல்லை என்று எனக்கும் தெரியும். போன வாரம் பஸ்ஸில் கண்டக்டர் வந்தபோது உங்கள் பெண்ணின் வயதை நீங்கள் குறைத்துச் சொல்லவே இல்லை. "அரை டிக்கெட் ஒண்ணு" என்றுதான் சொன்னீர்கள்.

அது சரி, அந்தப் பிள்ளை ஏன் முழங்காலை மடக்கிக்கொண்டு நின்றாள்?