லிஃப்ட் அண்ணனின் பாதிச் சப்பாத்து

ஈப்போ நகரத்தில் குதிகாலே தேவைப்படாமல் வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் லிஃப்ட் அண்ணன்தான். கடவுள் அவருக்கும் இரண்டு குதிகால்களைக் கொடுத்திருந்தார். பிரிக்காத கல்யாணப் பரிசு மாதிரி அவற்றை அப்படியே வைத்திருந்தார்.

நான் வேலை பார்ப்பது ஐந்து மாடி மருத்துவமனை ஒன்றின் கீழ்த்தளத்தில், இரத்தக் கவுண்டரில். வார்டு கேட்கும் இரத்தப் பைகளைச் சரிபார்த்து, எழுதி, குளிர்ப்பெட்டியில் வைத்து அனுப்புவது என் வேலை. அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அண்ணனின் வேலை. கட்டடத்தில் இரண்டு லிஃப்ட்டுகள் உண்டு. ஒன்று பழுதாகி நிற்கும். மற்றது பழுதாவதற்காக ஓடிக்கொண்டிருக்கும். அண்ணன் இரண்டையும் நம்பாமல் படியேறுவார். லிஃப்ட் நாலாவது மாடியைத் தொடுவதற்குள் அவர் பெட்டியைக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, அங்கே நர்ஸ் மிஸ்ஸிகளிடம் ஒரு பிஸ்கட்டும் வாங்கித் தின்றுவிட்டுப் பாதி வழி இறங்கியிருப்பார். அதனால்தான் அந்தப் பெயர். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

நாமெல்லாம் ஓடினால் பக்கத்து வீட்டுக்குத் தெரியும். அவர் ஓடினால் படிக்கட்டுக்கே தெரியாது. முன்பாதம் மட்டும் தரையைத் தொடும், எழும்பும். கவுண்டரில் தலை குனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று தோளுக்குப் பின்னால் "அடுத்தது குடு தம்பி" என்று ஒரு குரல் வரும். எத்தனையோ தடவை பேனாவைக் கீழே போட்டிருக்கிறேன்.

"ஏண்ணே, குதிகால ஊனுனா என்னா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"குதிகால ஊனுனா ஒடம்பு குலுங்கும் தம்பி. ஒடம்பு குலுங்குனா பெட்டி குலுங்கும். பெட்டிக்குள்ள இருக்கறது என்னா, சிராப் தண்ணியா?"

இத்தனை கம்பீரத்துக்கும் ஒரே எதிரி காலில் போடும் சப்பாத்து. இரண்டு மாதத்தில் முன்பக்க ரப்பர் தேய்ந்து, உள்ளே இருக்கும் மெத்தை தட்டையாகிவிடும். பின்பக்கம் கடையில் வாங்கியபடியே பளபளவென்று இருக்கும். பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் ஒரு வியாபாரியிடம் அவர் நியாயம் கேட்டதை நான் என் காதால் கேட்டேன்.

"பின்பாதி எனக்கு வேணாம்லா. அறுத்து வெச்சிக்க. பாதி வெலைக்குக் குடு."

அந்த வியாபாரி அதற்குப் பிறகு அண்ணனைக் கண்டாலே விளக்கை அணைத்துவிடுவார்.

சிரித்துக்கொண்டு எழுதிவிட்டேன். ஆனால் நான் சொல்ல வந்த மாதத்தில் எனக்குச் சிரிப்பே வரவில்லை. என் மனைவி விமலா நிறைமாதக் கர்ப்பிணி. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, எந்த நேரமும் இரத்தம் போகலாம் என்று டாக்டர் சொல்லி, நாலாவது மாடியில் படுக்க வைத்துவிட்டார். அவளுக்கென்று நாலு பை இரத்தம் ஒதுக்கி, என் கவுண்டரின் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தோம். இரத்தம் கீழே, அவள் மேலே. நடுவில் அந்த இரண்டு லிஃப்ட்டுகள். ஆகவே ஈப்போவில் எனக்கு வேண்டியதெல்லாம் லிஃப்ட் அண்ணனின் இரண்டு கால்கள் மட்டும்தான்.

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணன் நொண்ட ஆரம்பித்தார்.

வலது முன்பாதத்தில் வலி. எலும்பில் விரிசல் விழப் பார்க்கிறது, முன்பக்கம் நல்ல மெத்தை இருக்கிற சப்பாத்து போடாவிட்டால் விழுந்தே விடும் என்று டாக்டர் எச்சரித்தார். அதைக் கேட்ட பெரிய மிஸ்ஸி, அதாவது நர்ஸ்களுக்கெல்லாம் தலைவி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு தீர்ப்பு சொன்னார்.

"மாசக் கடைசிக்குள்ள நொண்டாம நடக்கணும். இல்லன்னா பதிவு கவுண்டர்ல நாக்காலி போட்டு ஒக்கார வெச்சிருவேன், பாத்துக்குங்க."

தூக்குத் தண்டனை என்றிருந்தால் அண்ணன் கொஞ்சம் தைரியமாக நின்றிருப்பார். நாற்காலி என்றதும் முகம் வெளுத்துவிட்டது. என் முகமும்தான். அந்தச் சனிக்கிழமையே அவரை என் காடியில் ஏற்றிக்கொண்டு ஒரு பேரங்காடிக்குப் போனேன். விமலாவிடம் காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லியிருந்தேன்.

விளையாட்டுச் சப்பாத்துக் கடையில் ஒரு தமிழ்ப் பெண் புன்னகையோடு வந்தார். அவருடைய அன்றைய புன்னகை அதோடு சரி. அண்ணன் தேய்ந்த பழைய சப்பாத்தைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்து, பிரேதப் பரிசோதனை டாக்டர் மாதிரி விளக்கினார்.

"அக்கா, தேய்ஞ்சது எங்க பாருங்க. முன்னால. எனக்கு மெத்தையும் முன்னாலதான் வேணும். ரப்பரும் முன்னாலதான் தடியா வேணும். விரலுக்கு எடம் வேணும். எத்தன மாசம் ஒழைக்கும், தாஹான் புடிக்கும்னு நீங்க சொல்லணும்."

அந்தப் பெண் ஆசையாக ஒரு ஜோடியை எடுத்து நீட்டினார். "இது ரொம்ப சொகுசுண்ணே. குதிகாலுக்கு அடியில பாருங்க, எவ்ளோ மெத்த!"

"அந்த ஏரியாவுக்கு நான் போறதே இல்லலா."

ஒவ்வொரு ஜோடியாக வந்தது. அண்ணன் கட்டைவிரலால் முன்பக்கத்தை அழுத்துவார். நடுவில் வளைகிறதா, விரல் மடங்குகிற இடத்தில் வளைகிறதா என்று மடக்கிப் பார்ப்பார். குதிகால் உயரமாகவும் முன்பக்கம் தாழ்வாகவும் இருந்தால் "சறுக்கு மரம்" என்று ஒதுக்கிவிடுவார். இதெல்லாம் நியாயமான சோதனைகள்தான், நானும் பொறுமையாக நின்றேன். அதற்குப் பிறகுதான் சட்டைப் பையிலிருந்து அந்தப் போத்தலை எடுத்தார்.

சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கொடுப்போமே, அந்தப் பிளாஸ்டிக் போத்தல். மூடி இல்லை. கழுத்துவரை மஞ்சளாக என்னவோ இருந்தது. அதை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, புதுச் சப்பாத்தோடு கடை நீளத்துக்கும் ஓட ஆரம்பித்தார். ஒரு அம்மா பிள்ளையை இழுத்துக்கொண்டு வெளியே போனார். விற்பனைப் பெண் சுவரோடு ஒட்டிக்கொண்டு கேட்டார்.

"அண்ணே, என்னாண்ணே அது?"

"செவ்வந்திப் பூ டீலா! பொட்டலத்துல வாங்குனது. மெத்த நல்லா இருந்தா டீ சிந்தாது. இந்தா, சிந்துது பாருங்க. இது வேணாம்."

"தண்ணி ஊத்திக்கிட்டு வந்திருக்கலாமேண்ணே!" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"தண்ணி சிந்துனா கண்ணுக்குத் தெரியாது தம்பி. கலர் வேணும்."

பதினோராவது ஜோடியில் பாதுகாவலர் வந்தார். அண்ணன் தன்னுடைய நியாயத்தை நிரூபிக்க அந்த டீயை அவர் கண் முன்னாலேயே ஒரே மடக்கில் குடித்துக் காட்டினார். அதோடு எங்களுக்கு அந்தப் பேரங்காடியில் வேலை முடிந்தது.

மாலை ஆகிவிட்டது. என் கைத்தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் மருத்துவமனையோ என்று பாய்ந்து எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் விமலாதான். காய்கறி என்ன ஆச்சு என்று கேட்டாள். கடைசி முயற்சியாகப் பழைய டவுனில் ஒரு சீனர் கடைக்குப் போனோம். தவ்கே, அதாவது கடை முதலாளி, ஏணி வைத்து ஏறி, தூசி படிந்த ஒரு பெட்டியை இறக்கினார். தட்டையான அடி, முன்னால் கனமான மெத்தை, தடித்த ரப்பர், அகலமான விரலிடம். அண்ணன் போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே மூன்று சுற்று ஓடினார். வழியில் இன்னொரு பொட்டலம் வாங்கிப் போத்தலில் நிரப்பியிருந்த டீயில் ஒரு சொட்டு சிந்தவில்லை.

தவ்கே நேர்மையான மனுஷன். "ஸ்டோக் லாமா, அண்ணே. பழசு. பலா வருசம் மேலே இருக்கு" என்று கையை ஆட்டினார்.

"இத்தன வருசம் இருந்தும் ஒண்ணும் ஆவல பாத்தியா தம்பி? இதுக்குப் பேருதான் தாஹான்!"

எனக்கு எங்கோ உறுத்தியது. நம் ஊர்ப் புழுக்கத்தில் பெட்டிக்குள் வருஷக்கணக்கில் கிடந்த சப்பாத்தில் பசை என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. என் கல்யாணச் சப்பாத்தே மைத்துனன் கல்யாணத்தன்று வாயைப் பிளந்தது. ஆனால் மணி ஆகிவிட்டது, வாங்கினால் போதும் என்றிருந்தது. வாயை மூடிக்கொண்டேன். அதற்காக என்னை இன்றும் திட்டிக்கொள்கிறேன்.

வாங்கியதைப் போட்டுக்கொண்டாரா? அதுவும் இல்லை. பெட்டியோடு கொண்டுபோய் லாக்கரில் வைத்துப் பூட்டினார். பழைய தேய்ந்த ஜோடியில், வலியை மறைத்துக்கொண்டு, பெரிய மிஸ்ஸி வரும்போது மட்டும் நிமிர்ந்து நடந்தார்.

"போடுங்கண்ணே! எலும்பு ஒடைஞ்சிரப் போவுது!"

"நல்ல நாள் ஒண்ணு வரும். அன்னிக்குப் போடுவேன்."

அடுத்து வந்த புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. நாலாவது மாடி. பேசிய மிஸ்ஸியின் குரல் அவசரத்தில் உடைந்திருந்தது. விமலாவுக்கு இரத்தம் போகிறது, அறுவைக்கு எடுத்துவிட்டோம், இரண்டு பை உடனே வேண்டும், மீதி இரண்டையும் தயார் செய்யுங்கள் என்றார். ஒரு லிஃப்ட்டை அக்கக்காகக் கழற்றிப் போட்டிருந்தார்கள். மற்றது சாப்பாட்டு வண்டியோடு மூன்றாவது மாடியில் மாட்டிக்கொண்டிருந்தது. பைகளின் ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை வாசித்து, பெட்டியை மூடி நிமிர்ந்தேன். அண்ணன் புதுச் சப்பாத்தின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டு படிக்கட்டுக் கதவைத் தள்ளினார்.

நானும் ஓடியிருப்பேன். மீதி இரண்டு பைகளையும் சரிபார்க்க வேறு ஆள் இல்லை. அதோடு நான் முதல் மாடியிலேயே உட்கார்ந்துவிடுகிற ஆள்.

அப்போதுதான் கேட்டது.

தப்பக். தப்பக். தப்பக்.

அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக லிஃப்ட் அண்ணனின் காலடிச் சத்தம் கட்டடம் முழுக்கக் கேட்டது. புதுச் சப்பாத்தின் அடிப்பகுதி வாயைப் பிளந்துவிட்டது என்பது எனக்கு உடனே புரிந்துவிட்டது. கடையில் வாயைத் திறக்காத பாவி நான்தானே. ஒரு படியில் அது மடங்கினால் போதும், அண்ணன் விழுவார், பெட்டி உருளும். முதல் மாடி. தப்பக், தப்பக். இரண்டாவது மாடி. சத்தம் நின்றது.

"அண்ணே!" என்று படிக்கட்டடியில் போய் நின்று கத்தினேன். மேலேயிருந்து என்னவோ விழுந்து, கைப்பிடியில் மோதி, என் காலடியில் வந்து கிடந்தது. கறுப்பு ரப்பர், ஒரு சப்பாத்தின் குதிகால் பகுதி. இன்னொன்றும் வந்து விழுந்தது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. எலும்பு முறிந்து படியில் உட்கார்ந்துவிட்டார் என்றே நினைத்தேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கவுண்டருக்கு வந்து மீதி இரண்டு பைகளின் எண்களை வாசித்தேன், திரும்ப வாசித்தேன். சத்தம் கேட்காவிட்டால் அவர் ஓடுகிறார் என்று அர்த்தம். அந்தச் சாதாரண விஷயம் அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

தொலைபேசி அடித்தது. "ரத்தம் வந்துருச்சு. ஏத்திட்டோம். மத்த ரெண்டும் ரெடியா?"

நான் பதில் சொல்வதற்குள் தோளுக்குப் பின்னால் ஒரு குரல்.

"அடுத்தது குடு தம்பி."

பேனா கீழே விழுந்தது. வியர்வையில் நனைந்து, ஒற்றைக் காலில் சாய்ந்து நின்றிருந்தார். இரண்டு சப்பாத்துகளிலும் பின்பாதி அடி இல்லை, அவரே பிய்த்து எறிந்திருக்கிறார். முன்பாதி மட்டும் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது பெட்டியையும் வாங்கிக்கொண்டு, அந்தக் காலோடு, சத்தமில்லாமல் போனார்.

மத்தியானம் பெரிய மிஸ்ஸியே இறங்கி வந்து சொன்னார்: பெண் குழந்தை, தாய் கண் திறந்துவிட்டாள், காய்கறி வாங்கியாச்சா என்று கேட்கிறாள். நான் கவுண்டரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். பெரிய மிஸ்ஸி என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அண்ணனைப் பிடிக்கப் போனார். எலும்பில் விரிசல் விழுந்தேவிட்டது. ஆறு வாரம் நாற்காலி.

அந்த ஆறு வாரமும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருக்கும்போதும் நல்ல காலின் குதிகால் தரையில் படவில்லை. முதல் நாளே என்னிடம் கோபமாகக் கேட்டார்.

"தம்பி, பாதி சப்பாத்துதான ஒழைச்சிருக்கு. அந்த தவ்கேகிட்ட பாதிக் காச திருப்பிக் கேக்கலாமா?"

"வாங்குன அன்னிக்கே போட்டிருந்தா அன்னிக்கே பிஞ்சிருக்கும்ல? மாத்திருக்கலாம்ல? எதுக்குண்ணே பூட்டி வெச்சீங்க?"

அவர் தன் கட்டுப்போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கி நகர்த்தி வைத்தார்.

"விமலா தங்கச்சிக்கு ரத்தம் தூக்குற நாளுக்குன்னுதான் தம்பி வெச்சிருந்தேன். அன்னிக்குத் தேய்ஞ்ச சப்பாத்தோட போவ முடியுமா?"

நான் கீழே விழாத பேனாவைக் குனிந்து தேடினேன்.

போன வருஷம் அண்ணன் வேலையை விட்டுவிட்டு, சித்தியவானில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். அந்த இரண்டு ரப்பர் துண்டுகள் என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கின்றன. இப்போது பெட்டி தூக்கும் பையன்கள் நல்ல பையன்கள்தான், தடதடவென்று ஏறுவார்கள். படிக்கட்டில் சத்தமே இல்லாமல் போகிற சில நேரங்களில் மட்டும் நான் எழுதுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன், அண்ணன் மேலே போய்க்கொண்டிருக்கிறார் என்று.